சராசரிக்கு அடங்காத நிலநடுக்கம்: கெர்ரி ஸீயின் ஆய்வுகளை முன்வைத்து

நிலநடுக்கத்தைக் கருவி வைத்துப் பதிவுசெய்யத் தொடங்கிச் சுமார் நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் ஒரு பிளவில் பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்துபோனால், அதே இடத்தில் அடுத்தது வர இருநூறு, முந்நூறு ஆண்டுகள் ஆகலாம். ஆயிரம் ஆண்டும் ஆகலாம். கருவிகளின் பதிவை மட்டும் பார்த்து ஓர் ஊருக்கு என்ன ஆபத்து என்று சொல்வது, ஐப்பசியில் ஒரு வாரம் பெய்த மழையைப் பார்த்துவிட்டு அந்த ஊரின் ஆண்டு மழையளவைச் சொல்வது போலத்தான்.

இந்தக் குறையை ஈடுகட்ட நிலத்தையே கேட்டுப் பார்க்கலாம் என்று நம்பியவர்களில் ஒருவர் அமெரிக்கப் புவியியலாளர் கெர்ரி ஸீ. பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டி, மண் அடுக்குகளில் பழைய நிலநடுக்கங்களின் தடயத்தைத் தேடும் முறை இன்று பழநிலநடுக்கவியல் என்று தனித் துறையாக நிற்கிறது. அதற்கு அவர் ஒருவரையே தந்தை என்பது மிகை. ராபர்ட் வாலஸ் போன்ற மூத்தவர்கள் வழி காட்டியிருந்தார்கள். ஆனால் இந்த முறையால் என்ன சாதிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது 1978-இல் வெளிவந்த ஸீயின் கட்டுரை. கலிஃபோர்னியாவில் தொடங்கி சுமத்ரா, மியான்மர் வரை நீண்ட அவருடைய ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால், ‘அடுத்தது எப்போது?’ என்ற கேள்விக்குப் பழைய பதிவுகள் எவ்வளவு தூரம் பதில் சொல்லும் என்பதும் தெரியும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பதும் தெரியும்.

பள்ளத்தின் சுவர்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடகிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில், மோஹாவி பாலைவனத்தின் விளிம்பில் பாலெட் கிரீக் என்றொரு சிற்றோடை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அதைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. பல நூற்றாண்டுகள் அந்த இடம் சதுப்பாக இருந்தது. செடிகொடிகள் மக்கி பீட் எனப்படும் கருமண்ணாகப் படிந்தன. வெள்ளம் வந்தபோதெல்லாம் அதன்மேல் வெளிர்மணல் படிந்தது. கருப்பு, வெள்ளை, மறுபடி கருப்பு. பின்னர் ஓடை ஆழமாக அரித்து இறங்கியதால் சதுப்பு வற்றி, இந்த அடுக்குகள் தோண்டிப் பார்க்கத் தோதாகக் கிடைத்தன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த ஸீ அங்கே பள்ளம் தோண்டினார். பள்ளத்தின் சுவரைச் சுரண்டிச் சமப்படுத்திவிட்டுப் பார்த்தால் விஷயம் புலப்படும். கீழிருந்து ஒரு வெடிப்பு மேலே ஏறி வருகிறது. தொட்ட அடுக்குகளையெல்லாம் முறித்துக்கொண்டே வந்து, ஓர் அடுக்கில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு முறிவில்லாமல் படுத்திருக்கிறது. அப்படியானால் முறிந்த கடைசி அடுக்கு படிந்த பிறகு, முறியாத முதல் அடுக்கு படியும் முன்னர், நிலம் நடுங்கியிருக்கிறது. சில இடங்களில், குலுக்கலில் குழம்பிய நீர்மணல் மேலே பீச்சியடித்து அன்றைய தரைமீது குவிந்து கிடக்கும். அதுவும் சாட்சிதான். கருமண்ணில் கரிமப் பொருள் இருப்பதால் கார்பன்-14 முறையில் காலம் கணிக்கலாம். தேதியும் நிகழ்வும் ஒரே சுவரில் இப்படி அகப்படுவது அபூர்வம். இந்தத் துறையில் பாதித் திறமை நல்ல இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

1978 கட்டுரையில், 1857-இல் நிகழ்ந்த பெரிய நிலநடுக்கத்தையும் சேர்த்து ஒன்பது நிகழ்வுகள் பட்டியலிடப்பட்டன. சராசரி இடைவெளி சுமார் 160 ஆண்டுகள். கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரான பின்னரும் ஸீ அந்தச் சுவரை விடவில்லை. 1989-இல் மின்ஸே ஸ்டூய்வர், டேவிட் பிரில்லிங்கர் ஆகியோருடன் சேர்ந்து, இன்னும் துல்லியமான கார்பன் கணிப்போடு பட்டியலைத் திருத்தினார். பத்து நிகழ்வுகள், சராசரி 132 ஆண்டுகள். 1857-உடன் 132-ஐக் கூட்டினால் வருவது 1989. கட்டுரை வெளிவந்த ஆண்டே கெடு! அந்த ஆண்டு அங்கே எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும் இன்றுவரையும் நடக்கவில்லை.

நடக்காததற்கான காரணம் அதே பட்டியலில் இருந்தது. கணிக்கப்பட்ட ஆண்டுகள் ஏறத்தாழ இவை: கி.பி. 671, 734, 797, 997, 1048, 1100, 1346, 1480, 1812, 1857. இடைவெளிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்பதில் ஐந்து நூறாண்டுக்கும் குறைவு. மூன்று இருநூறு முதல் முந்நூற்றுச் சொச்சம். சராசரியான 132-ஐ ஒட்டி வருவது ஒன்றே ஒன்று. 1480-க்கும் 1812-க்கும் நடுவே முந்நூறு ஆண்டுக்கு மேல் அமைதி. அடுத்ததோ நாற்பத்தைந்து ஆண்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு மூன்றாகக் கொத்தாக வருவதும், பிறகு நீண்ட ஓய்வு எடுப்பதும் இந்தப் பிளவின் குணம் என்று அந்தக் கட்டுரை சொன்னது.

1812 என்ற தேதி உறுதியானது மரங்களால். ரைட்வுட் என்ற இடத்தில் பிளவின்மேல் நின்ற பைன் மரங்களின் ஆண்டு வளையங்கள் 1812-இன் வளர்பருவத்துக்குப் பின் திடீரென்று சுருங்கியிருந்தன. வேரறுந்து, முடி ஒடிந்து, மரம் தேற ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 1812 டிசம்பர் 8 அன்று சான் ஹுவான் காபிஸ்ட்ரானோ தேவாலயம் இடிந்து வழிபாட்டில் இருந்தவர்கள் மாண்டது முன்பே தெரிந்த செய்தி. அந்த அதிர்வு எந்தப் பிளவிலிருந்து வந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1988-இல் கார்டன் ஜேக்கபி, பால் ஷெப்பர்டு ஆகியோருடன் ஸீ எழுதிய கட்டுரை அதைச் சான் ஆண்ட்ரியாஸ் கணக்கில் எழுதியது.

மாணவி திருத்திய கணக்கு

பள்ளம் தோண்டுவது காலத்தைச் சொல்லும். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அதே பிளவு செல்லும் கரிஸோ சமவெளியில் வாலஸின் பெயரைத் தாங்கிய ஓர் ஓடை இருக்கிறது. மலையிலிருந்து நேராக இறங்கி வரும் ஓடை, பிளவைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி 130 மீட்டர் பிளவோடே ஓடி, பிறகுதான் தன் பழைய திசையைப் பிடிக்கிறது. அந்த ஓடை தன் வழியை வெட்டிக்கொண்டு சுமார் 3,700 ஆண்டுகள் ஆகின்றன என்று ஸீயும் அவருடைய ஆசிரியர் ரிச்சர்டு ஜான்ஸும் 1984-இல் கணித்தார்கள். வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 34 மில்லிமீட்டர். சான் ஆண்ட்ரியாஸின் வேகம் என்று பாடநூல்களில் இன்றும் சொல்லப்படும் எண் இந்த ஓடை தந்தது.

அதே இடத்தில் இன்னொரு கணக்கும் போட்டார்கள். சின்னஞ்சிறு வாய்க்கால்கள் வெட்டுப்பட்டு விலகியிருந்ததை அளந்து, 1857-இல் ஒரே மூச்சில் சுமார் ஒன்பதரை மீட்டர் நகர்வு நடந்தது என்றார்கள். அதற்கு முந்தையவையும் அதே அளவு பெரியவை என்று பட்டது. ஆண்டுக்கு 34 மில்லிமீட்டர் வீதம் அவ்வளவு இறுக்கம் சேர வேண்டுமென்றால், பெரிய நிலநடுக்கங்களுக்கு நடுவே 240 முதல் 450 ஆண்டுகள் ஆக வேண்டும்.

இந்தப் படம் நிற்கவில்லை. முதலில் அதை அசைத்தவை ஸீயின் மாணவி லிசா கிராண்ட் அதே சமவெளியில் தோண்டிய பள்ளங்கள். 1994-இல் அவர்கள் இருவரும் சேர்ந்தே எழுதிய கட்டுரை, அங்கும் நிகழ்வுகள் கொத்தாக வந்திருப்பதைக் காட்டியது. 2010-இல் விமானத்திலிருந்து லேசர் கொண்டு தரையை அளந்த ஒரு குழு, 1857 நகர்வு அப்பகுதியில் சராசரி ஐந்து மீட்டரை ஒட்டியே இருந்தது என்றது. ஒன்பதரை என்று அளக்கப்பட்டதில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களின் நகர்வு சேர்ந்திருந்தது. அதே ஆண்டு கிராண்டின் குழு, கரிஸோவில் சராசரி இடைவெளி 88 ஆண்டுகள்தான் என்று வெளியிட்டது. முந்நூறு, நானூறு என்றிருந்தது எண்பத்தெட்டாகிவிட்டது. ஆனாலும் 1857-க்குப் பிறகு அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குழப்பமாகத் தெரியலாம். எனக்கு இது அந்தத் துறையின் ஆரோக்கியமாகவே படுகிறது. அளவுகளையும் வரைபடங்களையும் எல்லோரும் சரிபார்க்கும்படி வைத்துவிட்டதால்தான் ஸீயின் வகுப்பறையிலிருந்தே திருத்தம் வந்தது.

சீரான கடிகாரம் என்ற கனவு கலிஃபோர்னியாவில் வேறோர் இடத்திலும் உடைந்தது. பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்திருந்தது. 1993-க்குள் அடுத்தது வரும், 95 விழுக்காடு நிச்சயம் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் அறிஞர்கள் அறிவித்து, அந்த ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். இடமும் அளவும் சரி. காலம் பதினொரு ஆண்டு பிசகு. ‘நெடுநாளாக நடுங்காத இடம்தான் அடுத்து நடுங்கும்’ என்ற இடைவெளிக் கொள்கையை யான் ககனும் டேவிட் ஜாக்சனும் 1991-இல் பத்தாண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அது தேறவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். இறுக்கம் சேர்ந்து சேர்ந்து அறுபடுகிறது என்று 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின் ஹாரி ரீடு சொன்ன அடிப்படை இன்றும் சரி. எந்த எல்லையில் அறுபடும், அறுபடும்போது சேர்ந்ததில் எவ்வளவு தீரும் என்பவைதான் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன.

பவளத்தில் எழுதியது

1990-களில் ஸீ சுமத்ராவுக்குப் போனார். அந்தத் தீவுக்கு மேற்கே இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு கடலடியில் கீழே அமிழ்கிறது. பிளவு நீருக்கு அடியில் இருப்பதால் பள்ளம் தோண்ட வழியில்லை. ஆனால் பிளவின் நேர்மேலே மெந்தாவாய், பாத்து, நியாஸ், சிமெலுவே என்று தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் பவளங்கள் இருக்கின்றன.

பசிபிக் தீவுகளில் ஃபிரெட் டெய்லர் முன்னமே கையாண்ட உத்தி இது. போரிட்டஸ் வகைப் பவளத் திட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். மரத்தைப் போல ஆண்டு வளையமும் வைக்கும். கடலின் மிகத் தாழ்ந்த வற்றத்துக்கு மேலே அதால் உயிரோடு இருக்க முடியாது. மேலே தலை நீட்டிய பகுதி வெயிலில் காய்ந்து செத்துவிடும். பக்கவாட்டில் மட்டும் வளரும். ஆகவே அந்தத் திட்டு ஒரு தானியங்கி அலைமானி. கீழே அமிழும் தட்டு தீவை மெல்ல இழுத்துக்கொண்டு போகும்வரை, தீவு தாழத் தாழப் பவளம் மேல்நோக்கி வளர்ந்து ஓரம் உயர்ந்த கிண்ணம்போல் ஆகும். நிலநடுக்கத்தில் தீவு துள்ளி எழுந்தால் மேற்பகுதி ஒரே நாளில் செத்துப்போகும்.

வற்றத்தின்போது கடலில் இறங்கி, தண்ணீருக்கு அடியிலும் ஓடும் சங்கிலி ரம்பத்தால் அந்தத் திட்டுகளைப் பலகை பலகையாக அறுத்தெடுத்து, எக்ஸ்ரே பிடித்து, வளையங்களை எண்ணினார்கள். யுரேனியம்-தோரியம் முறையில் காலம் பார்த்தபோது பிழை சில ஆண்டுகளுக்குள் அடங்கியது. ஜூடித் ஸக்கரியாசன், பின்னர் இந்தோனேசியரான டேனி ஹில்மன் நத்தாவிட்ஜாஜா முதலியோர் ஸீயோடு சேர்ந்து படித்த பவளங்கள், மெந்தாவாய் தீவுகளின் அடியில் 1797-இலும் 1833-இலும் மாபெரும் நிலநடுக்கங்கள் நடந்ததை அளவோடு உறுதிசெய்தன. எதிர்க்கரையில் இருப்பது பாடாங் நகரம். 1797-இல் அங்கே வந்த அலையைப் பற்றி அக்காலக் குறிப்புகள் உண்டு. அன்று சிறு துறைமுகம். இன்று பல லட்சம் பேர் வாழும் தாழ்நில நகரம்.

இதைத் தெரிந்துகொண்டு கட்டுரை மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாகாது என்று அந்தக் குழுவுக்குப் பட்டிருக்க வேண்டும். 2004 ஜூலையில் அவர்கள் பாத்து, மெந்தாவாய் தீவுகளில் ஊர் ஊராகச் சென்று, நிலநடுக்கம் என்றால் என்ன, அலை வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று படம் போட்ட சுவரொட்டிகளையும் துண்டறிக்கைகளையும் கொடுத்தார்கள். ஸீயின் ஆய்வு வாழ்க்கையில் மேற்கோள் எண்ணிக்கையில் சேராத இந்தச் செயலைத்தான் நான் மேலாக மதிக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6:28. பிளவு அறுபட்டது மெந்தாவாயில் அல்ல. வடக்கே, சிமெலுவேயில் தொடங்கி அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு. அளவு 9.1. சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள். பிளவு தெற்கு வடக்காகக் கிடந்ததால் அலையின் முழு வேகமும் கிழக்கிலும் மேற்கிலும், அதாவது தாய்லாந்தின் மீதும் இலங்கை, தமிழ்நாட்டின் மீதும் பாய்ந்தது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்வாரில்லாமல் அந்த நேரம் வீணானது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் போனார்கள்.

ஸீ படித்தது சரியான பிளவு, ஆனால் தெற்குத் துண்டு. வடக்குத் துண்டை அப்போது எவரும் ஊன்றிப் படித்திருக்கவில்லை. 1881-இல் கார் நிகோபார் அருகே 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து, அதன் சிற்றலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த அலைமானிகள் பதிவுசெய்திருந்தன. அதைவிடப் பெரிது வரலாம் என்று எண்ணக் கருவிப் பதிவில் இடமிருக்கவில்லை. போதாக்குறைக்குக் கோட்பாடும் தடுத்தது. இளம் தட்டு வேகமாக அமிழும் இடத்தில்தான் 9 அளவு வரும், பழைய தட்டு மெல்ல அமிழும் இடத்தில் வராது என்று 1980-இல் லாரி ரஃபும் ஹிரூ கனமோரியும் முன்வைத்த கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. அந்தமான் பகுதி இரண்டாம் வகை. 2004 அந்தக் கருத்தை முறித்தது; 2011-இல் ஜப்பான் நிலநடுக்கம் அதைப் புதைத்தது.

சிமெலுவே தீவில் அன்று இறந்தவர்கள் ஏழு பேர் என்று சொல்லப்படுகிறது. மக்கள்தொகை எழுபதாயிரத்துக்கு மேல்; மையத்துக்கு மிக அருகில் இருந்த ஊர்கள். 1907-இல் வந்த அலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததால், நிலம் ஆடி நின்றதும் எல்லோரும் குன்றேறிவிட்டார்கள். நூறாண்டு நினைவுக்கே இந்தப் பலன்.

வடக்கே படித்தபோது

2004-க்குப் பிறகு ஆய்வாளர்கள் வடக்குத் துண்டைத் தேடிப் போனார்கள். தடயங்கள் எல்லா இடத்திலும் கிடந்தன என்பதுதான் வேதனை. 2008-இல் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. தாய்லாந்தின் ப்ரா தோங் தீவின் சதுப்பில், 2004 மணலுக்குக் கீழே அதே போன்ற பழைய மணல் அடுக்கு. காலம் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டியது. வடக்குச் சுமத்ராவின் ஆச்சேயில் கி.பி. 1290-1400 காலத்தில் ஒன்று, 780-990 காலத்தில் இன்னொன்று. வடக்குச் சிமெலுவே பவளங்களை ஸீயின் மாணவர் ஏரன் மெல்ட்ஸ்னர் படித்தபோது, 1394-ஐ ஒட்டி ஒன்றும் 1450-ஐ ஒட்டி ஒன்றுமாக இரண்டு துள்ளல்கள் தெரிந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற ஊர்களில் இலாமுரிதேசத்தையும் சொல்கிறது. அது ஆச்சேயின் வடமுனையில் இருந்த லாம்ரி என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். 2019-இல் பாட்ரிக் டேலியும் ஸீயும் மற்றோரும் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கரையில் சிதறிக் கிடந்த பானையோடுகளையும் கல்லறைக் கற்களையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்கரைக் குடியிருப்புகள் அலையில் அழிந்ததைக் காட்டியது. புவியியலாளர் ஒருவர் ஓடு பொறுக்கப் போனது வேடிக்கையல்ல. பவளம் தந்த தேதிக்கு மனிதர் தரப்புச் சாட்சி அங்கேதான் கிடைத்தது.

எல்லாவற்றிலும் நீளமான பதிவு ஆச்சே கடற்கரையின் ஒரு குகையில் கிடைத்தது. அலை கொண்டுவந்து தள்ளிய மணல், அதன்மேல் வௌவால் எச்சம், மறுபடி மணல் என்று இன்றைக்கு 7,400 முதல் 2,900 ஆண்டுகள் வரை முற்பட்ட காலத்தில் பதினொரு சுனாமிகள். சார்லஸ் ரூபின் தலைமையில் ஸீயும் பங்கேற்ற இந்த ஆய்வு 2017-இல் வந்தது. சராசரி சுமார் 450 ஆண்டு என்று வகுத்துச் சொல்லலாம். ஆனால் அந்தப் பதிவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒன்றுமே வராத காலமும் இருக்கிறது. ஒரே நூற்றாண்டில் பல வந்த காலமும் இருக்கிறது. பாலெட் கிரீக்கில் இளைஞராக இருந்தபோது கண்ட அதே ஒழுங்கின்மையை, நாற்பது ஆண்டு கழித்து வேறொரு கண்டத்துப் பிளவிலும் அவர் கண்டார். 2004-இல் இறுக்கம் தீர்ந்துவிட்டது, இனி நானூறு ஆண்டுக்கு வங்கக் கடலில் கவலையில்லை என்று எவராவது சொன்னால், அந்தக் குகையைக் காட்டலாம்.

மெந்தாவாயின் நிலை இன்னும் சிக்கல். 2008-இல் ஸீயும் குழுவினரும் எழுநூறு ஆண்டுப் பவளப் பதிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரு தொடர் நடக்கிறது. ஒரே அடியாக அறுபடாமல், 1797, 1833 போல் சில பத்தாண்டுகளில் பகுதி பகுதியாகத் தீர்கிறது. 2007 செப்டம்பர் 12-இல் வந்த 8.4 அளவு நிலநடுக்கம் புதிய தொடரின் தொடக்கம் என்பது அவர்கள் வாதம். அது சேர்ந்திருந்த இறுக்கத்தில் ஒரு பகுதியைத்தான் தீர்த்தது என்று ஜிபிஎஸ் அளவுகளும் காட்டின. இதற்குப் பிறகு நடந்தவைதான் இந்தத் துறையின் பணிவுப் பாடம். 2009 செப்டம்பர் 30-இல் பாடாங் இடிந்தது. 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அது காத்திருந்த பிளவில் வரவில்லை. அமிழ்ந்துகொண்டிருக்கும் தட்டின் உள்ளேயே, ஆழத்தில் முறிந்தது. 2010 அக்டோபர் 25-இல் தட்டின் மேல்விளிம்பு மெதுவாக வழுக்கியது. மெந்தாவாய் தீவுகளில் இருந்தவர்களுக்குக் குலுக்கல் பெரிதாகத் தெரியவில்லை. அலை மட்டும் வந்து 400-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வலுவாக ஆடினால் ஓடு என்ற பாடம் அன்று அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. மெந்தாவாயின் சைபெருட் தீவின் அடியில் 1797-இல் அறுபட்ட துண்டோ இன்னும் அப்படியே இருக்கிறது.

கணிப்பு அருகில் வந்த தருணமும் ஒன்று உண்டு. 2004 அதிர்வால் தெற்கே அடுத்த துண்டில் இறுக்கம் கூடியிருக்கிறது என்று ஜான் மெக்ளாஸ்கியும் மற்றோரும் 2005 மார்ச் 17 தேதியிட்ட நேச்சர் இதழில் எழுதினார்கள். மார்ச் 28-இல் நியாஸில் 8.6 வந்தது. அந்தக் கட்டுரையிலும் நாள் இல்லை, இடம்தான் இருந்தது.

தெரிந்தும் கேட்காதவை

2004-ஐப் படிக்காததன் விளைவு என்று சொன்னால், 2011-ஐப் படித்தும் காதில் வாங்காததன் விளைவு என்றே சொல்ல வேண்டும். ஜப்பானின் செண்டாய் சமவெளியில், கி.பி. 869-இல் வந்த ஜோகன் சுனாமியின் மணல் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கிடப்பதை 1990-களிலேயே தோண்டிக் காட்டியிருந்தார்கள். 2009-இல் யுகினோபு ஒகமுரா என்ற புவியியலாளர் அணுமின் நிலையப் பாதுகாப்பு பற்றிய அரசுக் குழுவில் இதை எழுப்பினார். ஆனாலும் அரசின் ஆபத்து வரைபடம் அந்தக் கரையில் எதிர்பார்த்தது 8-ஐ ஒட்டிய அளவுகளை மட்டுமே. மார்ச் 11-இல் வந்தது 9.0. ஜப்பானில் 1979-க்குப் பிறகு பலரைக் கொன்ற நிலநடுக்கங்கள் வரைபடத்தில் ஆபத்துக் குறைவு என்று காட்டிய இடங்களில்தான் வந்தன என்று ராபர்ட் கெல்லர் அடுத்த மாதமே சாடினார். சற்றுக் கடுமைதான், ஆனால் பொய்யில்லை.

2008-இல் கால்டெக்கை விட்டு சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவி ஆய்வகத்தைத் தொடங்கி நடத்தியபோது, ஸீயின் கவனம் மியான்மரின் சகாயிங் பிளவுக்கும் போனது. பாகோவுக்கு அருகே பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் ஒன்றை அந்தப் பிளவு வெட்டிச் சில மீட்டர் விலக்கியிருப்பதை அவருடைய மாணவர் வாங் யூ அளந்து, நகர்வு வேகத்தைக் கணித்தார். அதே 2011-இல் வேறிரு ஆய்வாளர்கள், பிளவின் நடுப்பகுதி நெடுங்காலமாக அறுபடாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி 7.9 வரை வரலாம் என்றார்கள். 2025 மார்ச் 28-இல் 7.7 வந்தது. அறுபட்ட நீளம் அவர்கள் குறித்த இடைவெளிக்குள் நிற்கவில்லை. அதைத் தாண்டி ஓடியது. இடம் சரி, அளவு ஏறத்தாழ சரி, எல்லை தவறு, காலம் எவருக்கும் தெரியாது. இந்தத் துறையின் மதிப்பெண் பட்டியல் இப்படித்தான் இருக்கிறது.

இந்தியாவில் வரைபடம் பின்னால் ஓடிவருவது வழக்கமாகிவிட்டது. 1993-இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்ற லாத்தூர், அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், 2002-இல் விதிமுறையைத் திருத்தியபோது முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அதற்கு முன்னர் சென்னையில் எழுந்த அடுக்குமாடிகள் பழைய கணக்கில் கட்டப்பட்டவை. சுனாமிக்கு 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. சுமத்ரா பக்கம் பிளவு அறுபட்டால் நமக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்த இன்று கருவியும் ஆளும் உண்டு.

நம் கரையின் பழைய பதிவு மட்டும் பெரும்பாலும் திறக்கப்படாமல் கிடக்கிறது. சி.பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் மற்றோரும் காவிரிப்பூம்பட்டினத்தில் தோண்டி, சோழர் காலத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன், ஓர் அலை அந்தத் துறைமுகத்தில் ஏறியதற்கான மணல் அடுக்கைக் கண்டதாக 2011-இல் வெளியிட்டார்கள். ஆச்சேயின் 780-990 அடுக்கும் இதுவும் ஒரே நிகழ்வா, வேறா? ஒரு பள்ளத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை உப்பங்கழிகளும் சதுப்புகளும் வரிசையாக இருக்கின்றன. இறால் பண்ணைக்கும் மனைக்கும் தோண்டிக் கலைக்கும் முன்னர் அங்கே அடுக்குகளைப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நம் பல்கலைக்கழகப் புவியியல் துறைகள், தொல்லியல் துறையோடு கைகோத்து, மாணவர்களைக் கொண்டே செய்யக்கூடிய வேலை. தமிழக அரசு இதற்கு நிதி ஒதுக்கித் தொடங்கிவைக்க வேண்டும்.